நுண்ணுயிரின் சிக்கனம்

படைப்பினங்களைக் கண்திறந்து நோக்குமாறும் சிந்திக்குமாறும் திருமறை மனிதனை மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. வானத்தையும் மலையையும் ஒட்டகத்தையும் கண்டு வியந்த மனிதன், உருப்பெருக்கி கைவந்த பின்னரே தன் குடலுக்குள் குடியிருக்கும் கோடானுகோடி உயிர்களைக் கண்டான். அவற்றுள் ஒன்று, 1885 ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த பாக்டீரியா ஆகும். அவர் பெயராலேயே அது எஷெரிக்கியா கோலை எனப் பின்னர் வழங்கலாயிற்று. சுருக்கமாக ஈ. கோலை என்பர். ஐந்நூறு ஈ. கோலைகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

இச்சிற்றுயிர் தனக்குக் கிடைக்கும் சர்க்கரை இன்னது என அறிந்து, அதற்குரிய மரபணுவை மட்டும் தொழிற்படுத்தி, ஏனையவற்றை அடக்கி வைக்கின்றது. அது எங்ஙனம் இயல்கின்றது என்பதையும், அதனைக் கண்டறிந்ததால் மனித குலம் பெற்ற பயன் யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

எழுதியிருத்தலும் இயங்குதலும்

ஓர் உயிரின் உடல் எவ்வாறு அமைய வேண்டும், எவ்வாறு இயங்க வேண்டும் என்னும் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே வகை எழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளது. ஈ. கோலையின் இழையில் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள் உள்ளன. அவை முழுமையாகப் படிக்கப்பட்டு 1997 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. அவற்றுள் அடங்கிய மரபணுக்கள் சுமார் 4,300. ஒரு மரபணு பெரும்பாலும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான கட்டளையாகும். அப்புரதங்களுள் பல நொதிகள். உணவைச் சிதைப்பதும் உடலைக் கட்டுவதும் அவற்றின் பணி.

ஒரு நூலகத்தில் நாலாயிரம் நூல்கள் இருப்பினும் நாம் வேண்டியதை மட்டுமே எடுத்துப் படிக்கின்றோம். உயிரணுவும் அவ்வாறே செய்கின்றது. புரதம் செய்வது செலவு மிகுந்த தொழில். பாற்சர்க்கரையாகிய லாக்டோசைச் சிதைக்கும் நொதியை முழு அளவில் செய்யும் ஈ. கோலையில், அந்த ஒரு நொதியே மொத்தப் புரதத்தில் சில விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றது. பால் இல்லாத வேளையில் இச்செலவு முழுவதும் வீண்விரயம். நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும் உயிருக்கு, விரயம் செய்வது போட்டியில் தோற்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, மரபணு எழுதப்பட்டிருத்தல் வேறு. அது இயங்குதல் வேறு. எப்போது இயங்குவது என்பதை யார் தீர்மானிக்கின்றார்? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

வளைகோட்டில் கண்ட தயக்கம்

1940 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் மாநகர் ஜெர்மானியப் படையின் வசமாயிற்று. அவ்வடிமைக் காலத்தில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மோனோ என்னும் இளைஞர் முனைவர் பட்டத்திற்காகப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியை அளந்துகொண்டிருந்தார். இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தால் அவை எவ்வாறு வளர்கின்றன என்பது அவர் ஆய்ந்த வினாக்களுள் ஒன்று.

சில இணைகளைக் கொடுத்தபோது வளர்ச்சிக்கோடு தடையின்றி உயர்ந்தது. வேறு சில இணைகளிலோ வியப்பான ஒன்று நிகழ்ந்தது. கோடு உயர்ந்து, இடையில் படுத்து, சிறிது நேரம் சமனாக நின்று, மீண்டும் உயர்ந்தது. இன்று பாடநூல்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு குளுகோசும் லாக்டோசும் ஆகும். பாக்டீரியா முதலில் குளுகோசை முற்றாக உண்டு தீர்க்கின்றது. லாக்டோஸ் அருகிலேயே இருந்தும் அதனைத் தீண்டுவதில்லை. குளுகோஸ் தீர்ந்தபின் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. பின்னர், பட்டினி நீங்கியதுபோல் லாக்டோசை உண்டு வளரத் தொடங்குகின்றது. இதற்கு ‘இரட்டை வளர்ச்சி’ எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து மோனோ ஒரு பெயர் வைத்தார். இவ்வாய்வேடு 1941 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றது.

நிமிடக் கணக்கில் அமைந்த அந்தத் தயக்கத்தை அளவையின் பிழை எனக் கருதி ஒதுக்கிவிட்டிருக்கலாம். மோனோ அதனை ஒதுக்கவில்லை. பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மூத்த அறிஞர் ஆந்திரே லுவோஃப் என்பவரிடம் வரைபடத்தைக் காட்டினார். புதிய உணவுக்கேற்ற நொதியைப் பாக்டீரியா அப்போதுதான் செய்துகொள்கின்றது போலும் என்று லுவோஃப் வழிகாட்டினார். அன்று தொடங்கிய தேடல் மோனோவை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. இடையே அவர் நாட்டு விடுதலைக்கான தலைமறைவுப் படையிலும் பெரும் பொறுப்பேற்றுப் போராடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

சர்க்கரை ஆசிரியரா, சாவியா?

லாக்டோஸ் வந்தால் அதற்குரிய நொதி தோன்றுகின்றது, இல்லையேல் தோன்றுவதில்லை. இதனைக் கண்டோர் முதலில் எண்ணியது யாது? சர்க்கரை மூலக்கூறே அச்சாக நின்று, உருவமற்ற புரதத்தைத் தனக்கேற்ற நொதியாக வடிவமைக்கின்றது என்பதே. இதன்படி சர்க்கரை பாடம் புகட்டும் ஆசிரியர். பாக்டீரியா கற்றுக்கொள்ளும் மாணவர்.

இக்கருத்து இரண்டு சான்றுகளால் வீழ்ந்தது. முதலாவது, லாக்டோஸ் வந்தபின் தோன்றும் நொதி பழைய புரதத்தின் மறுவடிவம் அன்று. அமினோ அமிலங்களிலிருந்து அடியோடு புதிதாகக் கட்டப்படுவது என 1950களில் கண்டறியப்பட்டது. இரண்டாவது, லாக்டோசைப் போன்ற பல செயற்கைப் பொருள்களைச் செய்து பார்த்தபோது, நொதியால் சிதைக்க முடியாத சில பொருள்கள் அந்நொதியை மிகுதியாகத் தோற்றுவித்தன. நொதியால் எளிதில் சிதையும் சில பொருள்களோ அதனைத் தோற்றுவிக்கவே இல்லை. அச்சாக நிற்பது சர்க்கரை என்றால் இவ்வாறு நிகழாது. எனவே, பாடம் முன்னரே மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. சர்க்கரை அதனைத் திறக்கும் சாவி மட்டுமே என்பது தெளிவாயிற்று.

பூட்டு எது?

ஒரு கூடத்தின் இரு முனைகள்

பாஸ்டர் நிறுவனத்தில் கூரையை ஒட்டிய மேல்மாடியில் லுவோஃபின் ஆய்வகம் இருந்தது. அதன் கூடத்து ஒரு முனையில் மோனோ சர்க்கரையை ஆய்ந்தார். மறு முனையில் 1950 முதல் பிரான்சுவா ஜாக்கோப் என்பவர் வைரசுகளை ஆய்ந்தார். அறுவை மருத்துவராக விரும்பிய ஜாக்கோப், விடுதலைப் படையில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவில் போரிட்டவர். 1944 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நார்மண்டியில் பெற்ற கடுங்காயங்களால் அவருடைய அறுவை மருத்துவக் கனவு கலைந்தது. அதனாலேயே ஆய்வுத்துறைக்கு வந்தார்.

ஜாக்கோப் ஆய்ந்த வைரஸ், பாக்டீரியாவின் மரபிழைக்குள் தன்னை இணைத்துக்கொண்டு பல தலைமுறைகள் உறங்கிக் கிடக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் விழித்தெழுந்து பாக்டீரியாவை அழிக்கும். உறங்கும் வைரசுக்கும் உறங்கும் லாக்டோஸ் மரபணுவுக்கும் என்ன தொடர்பு? முதலில் எவருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆர்தர் பார்டியும் இவர்களும் சேர்ந்து 1957-58 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு செய்தனர். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ‘பஜாமோ’ ஆய்வு என வேடிக்கையாக அழைப்பர். நம் வீட்டு ‘பைஜாமா’தான் ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளுக்குள் புகுந்து இவ்வேடிக்கைக்கு இடந்தந்தது.

ஈ. கோலையில் ஆண் தன்மையுடையது தன் மரபிழையைப் பெண் தன்மையுடையதற்குச் செலுத்தும். இழை மட்டுமே செல்லும், செல்சாறு செல்லாது. சில பிறழ்வு வகைகள் லாக்டோஸ் இல்லாதபோதும் நொதியை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும் என முன்னரே தெரிந்திருந்தது. அவற்றில் ‘ஐ’ எனப் பெயரிட்ட ஒரு மரபணு பழுதுபட்டிருந்தது. அம்மரபணுவும் நொதி மரபணுவும் பழுதாகிய பெண் செல்லுக்குள், இரண்டும் நலமாகவுள்ள ஆண் செல்லின் இழையைச் செலுத்தினர். லாக்டோசைச் சேர்க்கவில்லை.

இழை நுழைந்த சில நிமிடங்களில் நொதி தோன்றத் தொடங்கியது. ஆனால் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்டபின் நின்றுவிட்டது. தூண்டும் பொருளைச் சேர்த்தால் மீண்டும் தொடங்கியது. இதன் பொருள் யாது? புதிய செல்லுக்குள் நுழைந்த ‘ஐ’ மரபணு மெல்ல மெல்ல ஒரு பொருளைச் செய்து சேர்க்கின்றது. அப்பொருள் நொதி மரபணுவைத் தடுக்கின்றது. அதுவே அடக்கி எனப்படும் புரதம். லாக்டோஸ் செய்வது ஏவல் அன்று. தடுப்பதைத் தடுத்தல் மட்டுமே.

1958 ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு நாள், திரையரங்கில் அமர்ந்திருந்த ஜாக்கோபுக்குக் கூடத்தின் இரு முனைகளும் ஒன்றே என்னும் எண்ணம் பளிச்சிட்டது. வைரசை உறங்கச் செய்வதும் லாக்டோஸ் மரபணுவை உறங்கச் செய்வதும் ஒரே வகை அடக்கி, அது டி.என்.ஏ. இழையின் மேலேயே அமர்ந்து தடுக்கின்றது. இக்கருத்தை விரித்து மோனோவும் ஜாக்கோபும் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை உயிரியலின் போக்கையே மாற்றியது. லுவோஃப், மோனோ, ஜாக்கோப் ஆகிய மூவருக்கும் 1965 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பூட்டும் நாதாங்கியும்

லாக்டோசுக்குரிய மூன்று மரபணுக்கள் இழையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்று லாக்டோசைச் சிதைக்கும் நொதியைச் செய்வது. மற்றொன்று லாக்டோசைச் செல்லுக்குள் கொண்டுவரும் வாயிற்காவல் புரதத்தைச் செய்வது. மூன்றாவது ஒரு துணை நொதிக்குரியது. இம்மூன்றும் ஒரே கட்டளைக்கு ஒருங்கே இயங்கும். இவற்றின் முன்னால், இருபதுக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகளால் ஆன ஓரிடம் உண்டு. அடக்கி வந்து அமர்வது அவ்விடத்திலேயாகும். இத்தொகுதி முழுவதற்கும் ‘ஆபரான்’ எனப் பெயரிட்டனர்.

இதனை ஒரு வீட்டுக் கதவாகக் கொள்வோம். அடக்கிப் புரதம் பூட்டு. இழையில் அது அமரும் இடம் கதவில் அறைந்துள்ள நாதாங்கி. பூட்டுத் தொலைந்துபோனால் வேறொரு பூட்டைக் கொண்டுவந்து மாட்டிவிடலாம். நாதாங்கி பெயர்ந்துவிட்டால் எத்தனை பூட்டு இருந்தும் அக்கதவைப் பூட்ட இயலாது. ஆய்விலும் இவ்வாறே நிகழ்ந்தது. ‘ஐ’ மரபணு பழுதான செல்லுக்கு நல்ல ‘ஐ’ மரபணுவைக் கொடுத்தால் அடக்கம் திரும்பியது. அடக்கி அமரும் இடம் பழுதானாலோ, அவ்விடத்தை அடுத்த மரபணுக்கள் மட்டும் ஓயாமல் இயங்கின. எத்தனை அடக்கியைக் கொடுத்தும் பயனில்லை. இத்தகைய பிறழ்வு இருத்தல் வேண்டும் எனக் கருத்தளவில் முதலில் கூறிப் பின்னரே அதனைத் தேடிக் கண்டனர் என்பது சிறப்பு. அடக்கிப் புரதத்தை வால்ட்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966 ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். ஒரு செல்லில் அது பத்து அளவிலேயே இருந்தது.

சாவியாக அமைவது லாக்டோஸ் அன்று. அதே நொதி லாக்டோசைச் சிறிது மாற்றியமைத்து உண்டாக்கும் அல்லோலாக்டோஸ் என்னும் பொருள். அது அடக்கியோடு சேர்ந்ததும் அடக்கியின் வடிவம் மாறி இழையை விட்டு நீங்குகின்றது. நொதியின் அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்கின்றது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். லாக்டோஸ் உள்ளே வர வாயிற்காவல் புரதம் வேண்டும். சாவியைச் செய்ய நொதி வேண்டும். இரண்டுமோ பூட்டிய கதவுக்குள் உள்ளன. பின் முதற்சாவி எங்கிருந்து வந்தது? விடை எளிது. பூட்டு முற்றும் இறுக்கமானதன்று. அடக்கி அவ்வப்போது இழையிலிருந்து நழுவுகின்றது. அவ்வேளையில் ஓரிரு புரதங்கள் உண்டாகிவிடுகின்றன. அச்சிறு கசிவே அடுத்து வரும் உணவை அறியும் வழியாகின்றது. முற்றாக அடைத்திருந்தால் பால் வந்த செய்தி உள்ளே எட்டவே எட்டாது.

இரண்டாம் காவல்

குளுகோசும் லாக்டோசும் ஒருங்கே இருக்கும்போது லாக்டோசை ஏன் தீண்டுவதில்லை என்னும் முதல் வினா இன்னும் நிற்கின்றது. சாவிதான் அருகில் இருக்கின்றதே!

சமைத்த சோறு பானையில் இருக்க நெல் குத்துவாரில்லை. குளுகோஸ் நேரே எரியும் உணவு. லாக்டோசைச் சிதைத்த பின்னரே அதிலிருந்து குளுகோசும் காலக்டோசும் கிடைக்கும். ஆகவே, செல்லுக்கு இரண்டாம் காவல் ஒன்றும் அமைந்துள்ளது. பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது. மரபணுவைப் படியெடுக்கும் நொதி அங்கு உறுதியாக வந்தமரவும் வேண்டும். அதற்குத் துணைபுரியும் புரதம் ஒன்று உண்டு. அது சுழல் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறோடு சேர்ந்தால்தான் பணிபுரியும். குளுகோஸ் மிகுந்திருக்கும்போது அம்மூலக்கூறு குறைந்துவிடுகின்றது என 1965 ஆம் ஆண்டில் கண்டனர். அன்றியும், குளுகோஸ் உள்ளே நுழையும் வேளையில் லாக்டோசின் வாயிற்காவல் புரதமே அடைக்கப்படுகின்றது. இதனால் சாவியும் உள்ளே வாராது.

எனவே, லாக்டோஸ் இருத்தல் வேண்டும். குளுகோஸ் தீர்ந்திருத்தலும் வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒத்துக் கூறினால் மட்டுமே செல் தீர்ப்பு வழங்குகின்றது. மோனோ கண்ட தயக்கம், இத்தீர்ப்பு நிறைவேறிப் புதிய நொதி திரளும் வரையிலான காலமே ஆகும்.

ஒரு புறனடை

விதி வகுத்தபின் அதற்கு அடங்காதவற்றுக்குப் புறனடை வகுப்பது நம் இலக்கண மரபு. உயிரியலிலும் அதற்கு இடம் உண்டு. அடக்கிக் கொள்கை பெற்ற வெற்றியால், மரபணுக்கள் அனைத்தும் அடக்கப்பட்டே ஆளப்படுகின்றன எனப் பலர் நம்பலாயினர். அரபினோஸ் என்னும் வேறொரு சர்க்கரையை ஆய்ந்த எல்லிஸ் எங்கிள்ஸ்பர்க் 1960களில் மாறான முடிவைக் கண்டார். அங்குள்ள கட்டுப்பாட்டுப் புரதம் பழுதானால் மரபணுக்கள் ஓயாமல் இயங்கவில்லை. மாறாக, இயங்கவே இல்லை. ஆகவே, அப்புரதம் தடுப்பதன்று, தூண்டுவது என்றார். அறிஞர் பலர் இதனை ஏற்கச் சில ஆண்டுகள் தயங்கினர். இறுதியில் சான்றே வென்றது. அதே புரதம் அரபினோஸ் இல்லாதபோது தடுக்கவும், இருக்கும்போது தூண்டவும் வல்லது எனவும் பின்னர்த் தெளிவாயிற்று. புகழ்பெற்ற கொள்கையும் சான்றுக்கு மேற்பட்டதன்று என்பதை மாணவர்கள் இதனால் உணர்தல் வேண்டும்.

மனிதனுக்கு வந்த பயன்

இத்தனையும் பாக்டீரியாவின் உணவுக்கதை என ஒதுக்கிவிடலாகாது. நம்மிடையே சர்க்கரை நோயாளர் இல்லாத குடும்பம் அரிது. 1921 ஆம் ஆண்டில் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அம்மருந்து மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. விலங்கின் இன்சுலின் சிலர் உடலுக்கு ஒவ்வாமை தந்தது. பன்றியிலிருந்து பெற்றது என்னும் செய்தி முஸ்லிம் நோயாளர்க்கு மனக்கலக்கமும் தந்தது. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகுமானதாகும் என்னும் ஷரீஅத் விதியே அவர்களுக்கு ஆறுதலாயிற்று.

1978 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்கள் மனித இன்சுலினுக்குரிய மரபுச் செய்தியை வேதிமுறையில் செய்து ஈ. கோலைக்குள் வைத்தனர். அதனை எங்கே வைத்தனர் என்பதே கருதத்தக்கது. லாக்டோஸ் நொதி மரபணுவின் தொடர்ச்சியாக, அதே பூட்டுக்கும் அதே நாதாங்கிக்கும் பின்னால் வைத்தனர். கதவு திறந்தபோது, தான் உண்பதற்கான நொதியோடு மனித இன்சுலினின் இழைகளையும் பாக்டீரியா சேர்த்தே செய்தது. இன்சுலினின் இரண்டு இழைகளையும் தனித்தனியே பெற்றுப் பின்னர் இணைத்தனர். இவ்வழியில் வளர்ந்த மனித இன்சுலின் 1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. பன்றியையும் மாட்டையும் நாடாமல் இன்சுலின் பெறும் வழி திறந்தது. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வேண்டிய புரதத்தைப் பாக்டீரியாவிடமிருந்து பெற இதே லாக்டோஸ் பூட்டையும், லாக்டோசைப் போன்ற செயற்கைச் சாவியையும் கையாள்கின்றனர்.

மனித உடலிலும் மரபணுவை ஆளும் எழுத்துகள் உண்டு. பால் குடிக்கும் பருவத்தில் நம் சிறுகுடலில் மிகுதியாக இருக்கும் லாக்டேஸ் நொதி, உலக மாந்தருள் பெரும்பாலோர்க்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகின்றது. சிலருக்குக் குறைவதில்லை. 2002 ஆம் ஆண்டில் பின்லாந்து மக்களிடம் இதன் காரணத்தை ஆய்ந்தபோது, வேறுபாடு நொதி மரபணுவில் இல்லை. அதற்கு ஏறத்தாழ 14,000 எழுத்துகளுக்கு முன்னால் உள்ள ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. ஈ. கோலையைப் போல் பால் குடித்தால் நொதி பெருகும் என மனிதர் எண்ணலாகாது. நம்மில் அதனை ஆள்வது உணவன்று. பிறப்போடு வந்த எழுத்தும் வயதுமே. வயது வந்தபின் பால் ஒவ்வாதவரை நாம் பழித்தல் தகாது.

முடிவுரை

அறிவியல் முடிவுகளைக் கொண்டு மறைவசனங்களுக்குச் சான்று தேடுவது நம் நோக்கமன்று. அறிவியல் முடிவுகள் மாறுவன. எங்கிள்ஸ்பர்க்கின் வரலாறு அதனையே காட்டுகின்றது. எனினும், அளவறிந்து இயங்குவதும் விரயத்தை விலக்குவதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் இழையிலேயே எழுதப்பட்டிருக்கக் காணும்போது, மீஸான் என்னும் துலாக்கோலைப் பற்றிச் சிந்திக்காதிருக்க நம்மால் இயலவில்லை.

மாணவர்களுக்குக் கூற விழைவது ஒன்றுண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து தேடி மோனோ ஆய்வு தொடங்கவில்லை. ஒரு வரைபடத்தில் சமனாக நின்ற சிறு கோட்டுக்குக் காரணம் தேடினார். அடிமைப்பட்ட நகரில், போரின் நடுவில், உடனடிப் பயன் எதுவும் தெரியாத வினாவை அவர் விடாது பற்றினார். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அவ்வினாவின் விடைக்குள்ளிருந்தே மனித இன்சுலின் பிறந்தது. நம் கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் வரையும் கோடு எதிர்பாராத இடத்தில் வளையுமானால், அதனை அழித்துவிட்டு நேராக வரையாதீர்கள். ஏன் வளைந்தது என்று கேளுங்கள்.